ஆறுமுகசாமியின் நீர்முள்ளி

ரிட்டயராகி நாலு வருஷம் ஆகியும் ஆறுமுகசாமி சட்டையை இன் பண்ணிக்கொண்டுதான் பால் வாங்கப் போவார். விஜயநகரில் அந்தத் தெருவுக்கே அவரைத் தெரியும். பேச்சில் மட்டும் மகா கஞ்சம். காபி வேண்டுமென்றால்கூடச் சமையலறை வாசலில் நின்று தொண்டையைச் செருமுவார். உமாதேவி புரிந்துகொண்டு பாலை அடுப்பில் வைப்பாள். முப்பத்தாறு வருஷக் குடித்தனம் அப்படியே ஓடிவிட்டது.

போன மாசியில் உமாதேவி மகள் தீபாவின் பிரசவத்துக்காகக் கனடா கிளம்பினாள். கிளம்புவதற்கு முந்தின வாரம், ஏரிக்கரைச் சேற்றில் நின்ற நீர்முள்ளியைப் பார்த்துச் சொக்கிப் போனாள். உடம்பெல்லாம் முள், கணுவுக்குக் கணு ஊதாப் பூ. வேரோடு ஒன்றைப் பிடுங்கி வந்து காம்பவுண்டு ஓரம் நட்டாள்.

"அடுத்த தடவ இது பூக்கறப்ப நான் இங்க இருப்பனுங்க," என்றாள்.

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு மனிதர் நாளைத் தள்ளினார். ஆனால் அவர் ஹனூர்ப் பக்கம் மஞ்சள் காட்டில் வளர்ந்தவர். தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகும் என்று வாய்க்கால் வெட்டி வெட்டி வடித்த கை அது. நீர்முள்ளிக்கும் அதே வைத்தியம்தான் நடந்தது. பாத்தியை மேடாக்கினார். மழைத் தண்ணீர் தேங்கினால் மண்வெட்டியோடு ஓடினார். செடி சுருண்டது. உடனே இன்னும் ஒரு சாண் மேடாக்கினார், புண்ணியவான்!

வீட்டு வேலைக்கு வரும் சித்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "கெரெ, ஏரி ஓரத்துச் செடி சார் அது. கால் நனையாம எப்படிப் பொழைக்கும்?" என்றவள், அதைப் பெயர்த்துக்கொண்டு போய்ப் பின்பக்கக் குழாயடிச் சகதியில் ஊன்றினாள். பத்தே நாளில் துளிர்த்தது. அதற்கப்புறம் தினமும் குழாயைச் சொட்ட விட்டுவிட்டு, மொட்டு வைத்ததா என்று குனிந்து குனிந்து பார்ப்பதே அவர் வேலையாயிற்று. அந்த வெறிச்சென்ற வீட்டில் அவருக்கு வேறு என்ன இருந்தது?

மார்கழியில் பூத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோ காலில் ஒவ்வொரு பூவாகக் காட்டினார்.

"அய்யோ, என்ன அழகு!" என்றாள் உமாதேவி. பிறகு இழுத்தாள். "ஏனுங்க, விசாவ நீட்டியிருக்காங்க. தீபா வேலைக்குப் போகோணுமாம். கொழந்த எங்கையில தவிரத் தூங்க மாட்டீங்குது. பூ எங்க போயிரப் போகுது? அடுத்த வருசமும் பூக்குமில்லீங்க?"

வழக்கம்போல 'சரி' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அது வரவில்லை. போனைத் தன் முகத்துக்கு நேரே திருப்பினார்.

"செடி பூக்கும் புள்ள. அதுக்கு நீ வேண்டியதில்ல. எனக்குத்தான் வேணும். வந்துரு."

உமாதேவி குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே நின்றாள். பக்கத்து அறையில் இருக்கும் மகளுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தி, "எனக்கும் இங்க இருப்புக் கொள்ளலீங்க," என்றாள்.