இறங்கும் வரைக்கும் சொல்லாதீங்க

வாடகைக் கார் ஓட்டுகிறவனிடம் எந்த ஊர், எத்தனை பேர் என்று இரண்டு விஷயம் சொல்வார்கள். என்னிடம் மட்டும் மூன்றாவதாக ஒன்றும் சொல்வார்கள், "இறங்கும் வரைக்கும் அந்தப் பொண்ணுக்குத் தெரியக்கூடாது" என்று.

என் பெயர் மணி. ஊர் பென்னலூர். வண்டி நிற்பது சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே. பக்கத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டல் இருக்கிறது. மதுரை, ராமநாதபுரம், தென்காசிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பிள்ளைகள் அங்கே தங்கியிருக்கிறார்கள். கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்க்கும்போது போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அதனால் ஊரில் யாராவது தவறிப்போனால் சேதி முதலில் வார்டன் மேரி அக்காவுக்கு வரும். அவர் எனக்குச் சொல்வார். சம்பந்தப்பட்ட பிள்ளைக்கு மட்டும் சொல்லமாட்டார். துணைக்கு வருகிற ரூம்மேட், "உன் போன்ல சார்ஜ் இல்ல, நான் போட்டுத் தரேன்" என்று போனையும் வாங்கி வைத்துக்கொள்வாள். வழியில் தெரிந்தால் பிள்ளை தாங்காது, வீட்டுக்குப் போய்ச் சொந்தபந்தம் கட்டிப்பிடித்துக்கொள்ளும்போது தெரியட்டும் என்பது நம் ஜனங்களின் வழக்கம். நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணத்தை முகத்தில் காட்டாமல் பகல் முழுக்க வண்டி ஓட்டுகிறவன் நான்.

உங்களுக்கும் இந்த அனுபவம் இருக்கும். ஒரு கெட்ட சேதியை மனசில் வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவரிடம் "சாப்பிட்டீங்களா" என்று சிரித்திருப்பீர்கள். அப்படியானால் நீங்களும் எங்கள் ஸ்டாண்டு ஆள்தான்.

பசி

மானம் போன கதைகளில் சின்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரகடத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, தூத்துக்குடிப் பக்கம். அம்மா இறந்தது தெரிந்துதான் ஏறினான். அழவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தான். விழுப்புரம் தாண்டியதும் என் வயிறு சத்தம் போட ஆரம்பித்தது. ஏசியைக் கூட்டி வைத்துப் பார்த்தேன். அதையும் மீறிக் கேட்டது. பெற்றவளைப் பறிகொடுத்தவன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வரும்போது, "தம்பி, ரெண்டு பரோட்டா சாப்பிட்டுக்கலாமா" என்று எந்த வாயால் கேட்பது?

"டயர்ல காத்து பாக்கணும்" என்று சொல்லிவிட்டு ஒரு கடையோரம் நிறுத்தினேன். பரோட்டாவைப் பார்சல் வாங்கி, வண்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மென்றும் மெல்லாமலும் விழுங்கினேன். நிமிர்ந்தால் அவன் தண்ணீர் பாட்டிலோடு நிற்கிறான். அவன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டினான். "மெதுவா சாப்பிடுங்கண்ணே. நீங்க பசி மயக்கத்துல எங்கயாச்சும் கொண்டுபோய் மோதிட்டா, எங்கம்மாவுக்குக் கொள்ளி வைக்க ஆள் கிடையாது."

டிக்கியில் மாலை

ஜோதிக்குப் பரமக்குடிப் பக்கம். அப்பா காலையில் டீக்கடையில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். ஜோதியிடம், "ஊர்ல ஏதோ அவசரமாம், அம்மா உன்னை வரச் சொன்னாங்க" என்று மட்டும் சொல்லி ஏற்றிவிட்டார்கள். கம்பெனி ஹெச்.ஆர். ஆபீஸிலிருந்து ஒருத்தர் ஓடிவந்து, கம்பெனி சார்பாக ஒரு பெரிய மாலையைப் பாலிதீன் பையில் சுற்றி டிக்கியில் வைத்துவிட்டுப் போனார். நானும் யோசிக்கவில்லை.

திண்டிவனம் வரைக்கும் அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். "யாருக்கும் ஒண்ணும் இல்லையேண்ணே?" நான் ஒன்றுமில்லை என்றேன். "நெசமா ஒண்ணும் இல்லையே?" இல்லை என்றேன். மூன்றாவது தடவை அவள் குரல் உடைகிற மாதிரி இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "என் பொண்ணு மேல சத்தியம், எல்லாரும் நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். அவள் உடனே சாய்ந்து படுத்துக்கொண்டாள். அவ்வளவு நிம்மதி. ஒரு பெரிய நல்ல காரியம் செய்த மாதிரி நானும் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினேன்.

கண்ணாடியெல்லாம் ஏற்றி ஏசி போட்ட வண்டி. திருச்சி வருவதற்குள் ரோஜாவும் மரிக்கொழுந்தும் வாசம் பிடித்து, வண்டிக்குள் சாவு வீட்டுக் களை வந்துவிட்டது. நான் கண்ணாடியை இறக்கினேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள். பின்பக்கம் திரும்பி மோந்து பார்த்தாள். துணைக்கு வந்த பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. ஜோதி என் பக்கம் திரும்பினாள். பிறகு கடையில் விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள். "மாலை எங்கப்பாவுக்கா, எங்கண்ணனுக்காண்ணே? அத மட்டும் சொல்லிருங்க."

சத்தியம்

அதை மனசில் வைத்துக்கொள்ள முடியாமல் வீட்டில் கஸ்தூரியிடம் சொன்னேன். என் மனைவி. கம்பெனி கேன்டீனில் வேலை பார்க்கிறாள், பொடி வைத்துப் பேசத் தெரியாதவள். ஜோதியின் அப்பாவுக்காக உச்சுக் கொட்டிக்கொண்டே சோறு போட்டவள், சத்தியம் என்ற இடம் வந்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள். அன்றைக்குப் பார்த்து எங்கள் மகளுக்கு லேசாகச் சளி. பாயில் படுத்து டிவி பார்த்துக்கொண்டு தும்மினாள். கஸ்தூரி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி நெற்றியைத் தொட்டாள்.

நான், அந்தப் பொண்ணு மனசு நோகக்கூடாதுன்னுதான் என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. "இன்னாய்யா தைரியம் உனுக்கு? யார் வூட்டு சாவுக்கோ எம்புள்ள தலையில கைய வெப்பியா? இனிமே சத்தியம் பண்றதுன்னா உன் வண்டி மேல பண்ணிக்கோ, அதான உனுக்கு உசுரு."

நல்ல சேதி

ஒரு நாள் மேரி அக்கா போன் செய்து, பிரேமா என்கிற பிள்ளையின் அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, கிளாம்பாக்கத்தில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட வா என்றார். எனக்கே சந்தோஷம். சட்டை மாற்றிக்கொண்டு போனேன்.

ஹாஸ்டல் கேட்டில் என் வெள்ளை வண்டி நின்றதும் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளின் பேச்சு நின்றது. ஒருத்தி ஈரத்துணியைக் கயிற்றில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். "பிரேமா வீட்ல இருந்து" என்று நான் வாட்ச்மேனிடம் சொன்னது மேலே கேட்டுவிட்டது. பிரேமா பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். "யாருண்ணே?" என்றாள். நல்ல சேதிம்மா, குழந்தை பிறந்திருக்கு என்று சிரித்தேன். நான் சிரிக்கச் சிரிக்க அவள் அழுகை கூடியது. இந்தச் சிரிப்போடுதான் நான் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன் என்பது அந்த மாடிக்கே தெரிந்திருந்தது.

மேரி அக்கா வந்து, போனில் குழந்தையின் படத்தைக் காட்டி, குழந்தையின் அழுகையையும் கேட்கவைத்த பிறகுதான் பிரேமா எழுந்தாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பேனட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேரி அக்கா பக்கத்தில் வந்தார். "உன் மேல ஒண்ணும் தப்பு இல்ல மணி. ஆனா இனிமே நல்ல சேதின்னா நான் ஆட்டோவே சொல்லிக்கிறேன்."

கை

முத்துலட்சுமிக்கு மதுரைப் பக்கம். மேரி அக்காவின் குரலே அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது. "மணி, இது மெய்யாலுமே மெய். அவங்கம்மா உசுரோட கீறாங்க. மதுரையில ஆஸ்பத்திரில வெச்சிருக்காங்க. சீக்கிரம் இட்டுகினு போ." உண்மைக்கே இரண்டு தடவை அழுத்தம் கொடுக்கவேண்டிய நிலைமைக்கு நாங்கள் வந்திருந்தோம்.

முத்துலட்சுமி கம்பெனி யூனிஃபார்மோடு வெளியே வந்தாள். என் வண்டியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மாவுக்கு மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றேன். "ஆஸ்பத்திரிக்கு எதுக்குண்ணே? வீட்டுக்கே போயிருங்க" என்றாள். இந்தத் தடவை அவள் போனை யாரும் வாங்கி வைக்கவில்லை, அவள் கையிலேயே இருந்தது. அண்ணன் அழைத்துக்கொண்டே இருந்தான். எடுக்கவில்லை. கடைசியில் அவன் என் நம்பருக்கு வந்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"முத்து, அம்மா முழிச்சிருக்கு. உன்னையத்தான் கேக்குது. இப்ப கொழாய் வைக்கப் போறாங்க, அப்புறம் பேச முடியாதாம். காதுல போன வைக்கிறேன், ஒரு வார்த்த பேசு." பிறகு ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. இழுத்து இழுத்து விடுகிற மூச்சு. நான் வண்டியை ஓரம் கட்டினேன். முத்துலட்சுமி பின்னாலிருந்து எட்டி, போனைத் துண்டித்தாள். "ஏன்ணே ஆளாளுக்கு நாடகம் போடுறீங்க?" நான் திரும்பி உட்கார்ந்து கெஞ்சினேன். அம்மா இருக்காங்கம்மா, நெசமாவே இருக்காங்க, என் பொண்ணு... என்று வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அதை அவளே முடித்தாள். "மேல சத்தியமா? ஜோதிகிட்டயும் இதத்தான சொன்னீங்க." நான் திரும்ப அழைத்தபோது அண்ணன் எடுக்கவில்லை.

அன்றைக்கு ஓட்டிய மாதிரி நான் என்றைக்கும் ஓட்டியதில்லை. பசிக்கவும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவள் நிதானமாக இறங்கினாள், அழ வேண்டியதை வழியிலேயே அழுது முடித்தவள் மாதிரி. அண்ணன் ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனான். நான் வண்டிப் பக்கத்திலேயே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் மட்டும் வந்து சொன்னான், குழாய் வைத்து மருந்து கொடுத்துத் தூங்கவைத்துவிட்டார்களாம், இனி எப்போது விழிப்பு வரும் என்று தெரியாதாம். போனில் ஏன் அவள் பேசவில்லை என்று என்னிடம் கேட்டான். என்னால்தான் என்று சொல்ல நினைத்து, சிக்னல் போய்விட்டது என்றேன். பாருங்கள், அங்கேயும் பொய்.

பிறகு அவள் வந்தாள். வலது கையை மட்டும் எதன் மேலும் படாமல் விரித்துப் பிடித்திருந்தாள். கோபித்து இரண்டு வார்த்தை சொல்வாள் என்று தலையைக் குனிந்து நின்றேன். "அம்மா கை சூடா இருக்குண்ணே. நீங்க நெசத்தத்தான் சொல்லியிருக்கீங்க."

முத்துலட்சுமியின் அம்மா அதற்குப் பிறகு கண் திறக்கவே இல்லை.

இப்போதெல்லாம் ஏறும்போதே உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன், ஆனாலும் விழுப்புரம் தாண்டுவதற்குள் எல்லோரும் ஒரு தடவையாவது "சத்தியமாண்ணே?" என்று கேட்டுவிடுகிறார்கள், அதற்கு மட்டும் நான் டயரில் காற்று பார்க்க இறங்கிவிடுகிறேன்.