இடப்பக்க ஜன்னல்

அந்த வேனின் இடப்பக்க ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. குறுக்கே கம்பிகள் மட்டும்தான். வெயில் ஏறியதும் அவற்றில் கை வைக்க முடியாது. பொன்னேரிப் பள்ளிக்குப் போன காலத்தில் என் இடம் அந்த ஜன்னலோரம். காட்டூரில் முதலில் ஏறும் பிள்ளை என்பதால் கிடைத்தது. அங்கே உட்காருபவருக்கு ஒரு வேலை உண்டு: கத்த வேண்டும்.

வேன் ஓட்டியவரை மாமா என்று கூப்பிடுவோம். ஆரம்பாக்கத்துக்காரர், பேச்சில் தெலுங்கு வாடை அடிக்கும். மற்ற மாதங்களில் ஹார்னை ஓயாமல் அடிப்பவர், வெயில் காலத்தில் நடப்பவர்களுக்குப் பின்னால் அதைத் தொடமாட்டார். கோடையில் எங்கள் சாலை பாதியாகிவிடும். அறுத்த நெல்லை ஒரு பக்கம் தாரின் மேல் காயப்போட்டு, வண்டி ஏறாமலிருக்கக் கல் வரிசை வைத்திருப்பார்கள். மிச்சப் பாதியில்தான் பேருந்தும், கேரியரில் ஐஸ் பெட்டி கட்டிய சைக்கிள்களும், கோட்டைக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து தெருத்தெருவாக விற்கும் பெண்களும் போயாக வேண்டும். தலையில் கூடை இருக்கும்போது செருப்பு வழுக்கும் என்று அவர்களில் பலர் வெறுங்காலில் நடப்பார்கள். தார் சுடும். ஓரத்து வெள்ளைக் கோடு கொஞ்சம் குறைவாகச் சுடும். அதனால் கோட்டைவிட்டு இறங்காமல் அதன் மேலேயே நடப்பார்கள்.

பின்னாலிருந்து ஹார்ன் அடித்தால் கூடைக்காரியால் கழுத்தை மட்டும் திருப்ப முடியாது. உடம்போடு திரும்புவாள், ஒரு கால் சாலைக்குள் வந்துவிடும். மாமா வேனை நடை வேகத்துக்குக் குறைத்து, "கூப்புடு" என்பார். "யக்கா, வண்டி வருது, அப்படியே போ!" என்று நான் கத்துவேன். முகம் கம்பியைத் தாண்டினால் திட்டு விழும்: "தலைய உள்ள வை. வாய மட்டும் வெளிய வுடு." குரல் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் அவர்கள் திரும்புவதில்லை. நடந்தபடியே பதில் மட்டும் வரும்.

"இன்னா தம்பி, டீசலு தீந்துபோயி பொண்ணு தொண்டைலயா ஓட்ற?"

"உன் நெத்திலி நாத்தம் தாங்காம வண்டி மயங்கிடுச்சிக்கா."

கழுத்து, கோடு, குரல் என்றெல்லாம் அவர் எதையும் விளக்கியதில்லை. நான் ஓட்டக் கற்றபின் சேர்த்துக்கொண்ட காரணங்கள் இவை. வெயிலில் அந்த ஹார்ன் சரியாக வேலை செய்யாமலும் இருந்திருக்கலாம். அது எப்படியோ, முழுப் பரீட்சை நேரத்தில்கூடப் பிரார்த்தனை முடிந்த பிறகே பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தோம். "இதுக்கு மாட்டு வண்டில அனுப்பியிருக்கலாம்" என்று அப்பா சலித்துக்கொண்டார். அடுத்த ஜூனில் என்னை வேறு வேனில் சேர்த்தார். அதற்குக் கண்ணாடி இருந்தது, சீக்கிரமும் போனது. அப்பா செய்தது தவறு என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. பள்ளி வாசலைப் பூட்டிவிடுவார்களோ என்ற பயம் இப்போது எனக்கும் தெரியும்.

கணவர் விடிந்ததும் ரயிலுக்குப் போய்விடுவதால் மகளைக் காரில் கொண்டுபோய் விடுவது நான்தான். நன்றாகத்தான் ஓட்டுகிறேன் என்கிறார்கள். ஆனாலும் வீடு திரும்பியதும், எதுவும் நடக்காத நாளிலும், இறங்கி முன்பக்கம் போய் பம்பரைத் தடவிப் பார்ப்பேன்.

இந்தச் சித்திரையில் ஒரு நாள். வலப்பக்கம் நெல். எதிரே, கல் வரிசையை ஒட்டி ஐஸ் பெட்டி சைக்கிள் ஒன்று ஆடியபடி வருகிறது. எனக்கு முன்னால், வெள்ளைக் கோட்டின் மேல், கூடையோடு ஒரு பெண். நான் வேகத்தைக் குறைத்ததும் பின்னாலிருந்த டெம்போ ஹார்ன் அடித்தது. அந்தப் பெண்ணின் தோள் லேசாக அசைந்தது. பிரேக்கை மிதித்தபடி இடப்பக்கக் கண்ணாடிகளை இறக்கினேன். அனல் உள்ளே வந்தது. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று நான் யோசிப்பதற்குள், பின் இருக்கையிலிருந்து மகள், "ஆன்ட்டி! ஆன்ட்டி!" என்றாள். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றவே இல்லை. டெம்போ மறுபடி அடித்தது. கூடை திரும்பத் தொடங்கியது. வலது கால் கோட்டைவிட்டுத் தாருக்கு வந்தது. சைக்கிளும் அப்போது நெருங்கிவிட்டது.

காலியாக இருந்த இருக்கையின் பக்கம் சாய்ந்து, "யக்கா! வண்டி வருது, அப்படியே போ!" என்று கத்தினேன்.

கூடை நின்றது. பிறகு நேரானது. கால் கோட்டுக்குத் திரும்பியது. இடையில் கிடைத்த இடத்தில் சைக்கிள் கடந்து போனது.

"வா, வா. நான் இன்னா ரோட்ட தூக்கிக்கினா போறேன்?" என்றாள் அவள், திரும்பாமலே.

மெதுவாக அவளைக் கடந்தேன். "அடுத்த அக்காவ நான் கூப்பிடட்டுமா?" என்று மகள் கேட்டாள். கண்ணாடியை ஏற்றப் போன விரலை எடுத்துக்கொண்டேன். பெல்ட்டுக்குள் இருந்த அவளால் ஜன்னலை எட்டவே முடியாது. இருந்தும், "தலைய உள்ள வை" என்றேன்.