இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுப்பது அவள் வேலை. நோயாளியின் நெஞ்சில் பதித்த ரப்பர் குமிழ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பசையைப் பஞ்சால் துடைத்துவிட்டு, ஈசிஜி காகிதத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்ப்பாள். எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் 'நார்மல்' என்ற சொல் மட்டும் அவள் வாயிலிருந்து வராது. "இப்போதைக்கு ஒன்னும் தெரியல. படபடப்பு திரும்ப வந்தா, அடிக்கும்போதே ஓடி வாங்க. நின்னப்புறம் வந்து புண்ணியமில்ல" என்பாள். எத்தனையோ வருஷமாக இதே பாட்டு.

அங்கே மருந்து கொடுக்கிறவர் அவளுக்கு 'இப்போதைக்கு அக்கா' என்று பேர் வைத்துவிட்டார். "அக்கா, டீ சூடா இருக்கா?" என்று கேட்டு, "இப்போதைக்கு இருக்கு" என்று அவரே பதிலும் சொல்லிக்கொள்வார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்கும்போது கை மட்டும் காகிதத்தின் ஓரத்தை நீவிக்கொண்டே இருக்கும்.

அவள் வீட்டின் முதல் பட்டதாரி. அப்பா மூட்டை தூக்கியவர். அம்மா பிறர் வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். படித்து வந்த நாளிலிருந்து, மழை வருமா என்பதைக்கூட அவளைக் கேட்டுத்தான் துணி காயப்போட்டார்கள். அவளுக்கும் அது பிடித்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் வீட்டார் முகம் விழுந்துவிடுமே என்று, வராத மழையை வரும் என்றும் சொல்லியிருக்கிறாள்.

அப்படியிருந்த காலத்தில்தான் ஒருநாள் அண்ணி அவள் முன்னால் வந்து நின்றாள். ரொட்டிக் கம்பெனியில் பொட்டலம் கட்டும் வேலை அவளுக்கு. "சும்மா நிக்கும்போதே நெஞ்சு தடதடன்னு ஓட ஆரம்பிச்சிடுது. சுவிட்ச் போட்ட மாதிரி வருது. அப்புறம் டக்குனு அணைஞ்சும் போயிடுது. என்னன்னு பாரேன்."

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ஈசிஜி எடுத்தாள். அப்போது நெஞ்சு அமைதியாகத்தான் இருந்தது. காகிதமும் அழகாக வந்தது. "நார்மல் அண்ணி. எல்லாம் டென்ஷன்தான். கண்டதையும் யோசிக்காதீங்க." பஸ் போன பிறகு நிறுத்தத்தைப் படம் பிடித்து, பஸ்ஸே வரவில்லை என்று சாதித்த கதை அது. திடீரென்று தொடங்கித் திடீரென்று நிற்கும் படபடப்பு எதன் அடையாளம் என்று பரீட்சையில் பக்கம் நிறைய எழுதியவள்தான். அதே விடை அடுப்படியிலிருந்து வந்தபோது காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அண்ணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "எம்பொண்ணு மிஷின்லயே பாத்துட்டா, ஒன்னுமில்லையாம். பாத்திரத்தைப் பாத்தா மட்டும் இவளுக்கு வந்துடுது" என்பாள் அம்மா. "நெஞ்சுன்னா அடிக்கத்தான் செய்யும், பின்ன பாடுமா?" என்பான் அண்ணன். அண்ணி சொல்வதை நிறுத்திக்கொண்டாள். சுவரோரம் போய் உட்கார்ந்து, அது அடங்கியதும் எழுந்து மிச்சப் பாத்திரத்தைக் கழுவினாள். அப்படியே வருஷங்கள் போயின.

ஒரு பகல், கூட வேலை செய்கிறவர்கள் அண்ணியைத் தாங்கிப் பிடித்து ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்துவிட்டார்கள். தலையில் கம்பெனி வலைத்தொப்பி அப்படியே இருந்தது. கழுத்து நரம்பு துடித்தது. "உன்னத் தொந்தரவு பண்ண வேணாம்னுதான் சொன்னேன். இவங்கதான் கேக்கல" என்றாள், மூச்சுக்கு நடுவே.

காகிதம் ஓடத் தொடங்கியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒல்லி ஒல்லியான முனைகள், ஒன்றோடொன்று முட்டாத குறையாக. இரண்டு முனைகளுக்கு நடுவே ஒன்றரைப் பெரிய கட்டம்கூட இல்லை. இடைவெளி எங்கும் அச்சடித்த மாதிரி ஒரே அளவு. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் வரவேண்டிய அந்தச் சின்ன மேட்டைத் தேடித் தேடிப் பார்த்தாள்; எங்கும் இல்லை. பயத்தில் ஓடும் நெஞ்சு இப்படி வராது. இதயத்தின் மேலறைப் பக்கம் மின்னோட்டம் தடம் மாறிச் சுற்றினால் வருவது இது.

டாக்டர் அண்ணியை ஒரு காலி ஊசிக்குழலுக்குள் மூச்சைக் கட்டி ஊதச் சொன்னார். பிறகு சட்டென்று படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தார். முனைகள் நின்றன. ஒரு வெற்றுக்கோடு. பிறகு நிதானமான துடிப்பு, முன்னால் அந்தச் சின்ன மேட்டுடன்.

"பாத்தியா, அணைஞ்சிடுச்சு" என்றாள் அண்ணி. குற்றம் சொல்லும் குரலே இல்லை. நல்ல செய்தி சொல்வது போலச் சொன்னாள்.

அன்றோடு 'நார்மல்' என்ற சொல் அவள் வாயை விட்டுப் போனது. அண்ணிக்கு மாத்திரை வந்தது; படபடப்பும் குறைந்தது. ஆனால் வீட்டில் கதை வேறு விதமாக நிலைத்துவிட்டது. நோய் புதிதாக வந்ததாம். படித்த பெண் முன்பு பார்த்தது தப்பாக இருக்க முடியாதாம். அதைத் திருத்த வேண்டியவள் ஒருத்திதான். தான் சொன்னது தப்பு என்றால் அம்மா இனி எதை நம்புவாள் என்று நினைப்பாள், அம்மாவுக்காகவா, தனக்காகவா என்று தன்னையே கேட்பாள், கேட்டுவிட்டுப் படுத்துவிடுவாள்.

போன வாரமும் அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அப்பல்லாம் சுத்த நடிப்பு. பாப்பாதான் மிஷின்ல பாத்தாளே. பிற்பாடுதான் நெசமாவே வந்துச்சு." அண்ணன் சிரித்தான். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அண்ணி தலை நிமிர்ந்து இவளைப் பார்த்தாள்.

"அம்மா..." என்று இவள் ஆரம்பித்தாள்.

"என்ன பாப்பா?"

எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் நகர்ந்து போய், அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கத் தொடங்கினாள்.

"நல்லாத்தானே இருக்கேன்" என்றாள் அண்ணி மெதுவாக.

எண்ணி முடித்த பிறகும் அவள் கையை விடவில்லை. அண்ணி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு தன் கையைத் தானே உருவிக்கொண்டு, அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.