பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அம்மா

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஊரின் வரலாற்றை வரையப் போவதாகப் பஞ்சாயத்தில் முடிவு செய்தார்கள். கேரளத்துத் தேவிகுளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஊர்களில் வரலாறு என்றால் வெள்ளைக்காரத் துரை, அவர் குதிரை, கொஞ்சம் பனி. கூட்டத்தில் எழுந்து நான்தான் கத்தினேன். "துரையா கொழுந்து பறிச்சாரு? கொழுந்து எடுத்த பொம்பள ஒருத்தியாவது அந்தச் சுவத்துல இருக்கணும்." சரி என்றார்கள். என் அம்மாவையே வரையுங்கள் என்று சொன்னதும் நான்தான்.

ஓவியர் கொச்சிக்காரர். எஸ்டேட் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு அவர் படம் எடுக்க வந்தபோது, அம்மா என் கல்யாணத்துக்கு வாங்கிய அரக்குப் பட்டைக் கட்டி, பக்கத்து வீட்டுச் சங்கிலியை வாங்கிப் போட்டு, பவுடர் பூசி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் லயத்தில் யாரைப் படம் எடுத்தாலும் அப்படித்தான் உட்காருவார்கள். வேலைக் கோலத்தில் எடுத்த படம் எந்த வீட்டுச் சுவரிலும் கிடையாது.

ஓவியர் முகத்தைச் சுளித்தார். "அம்மே, இது வேண்டா. வேலைக்குப் போற டிரெஸ் மதி, அது போதும்."

அம்மா என்னைப் பார்த்தாள். "ஏட்டி, போட்டோவுக்கு எவளாவது சாக்கக் கட்டிக்கிட்டு நிப்பாளா?"

"உள்ளது உள்ளபடி இருக்கட்டும்மா. அதான் வரலாறு" என்றேன். படித்த திமிர், வேறென்ன.

உள்ளே போய்ப் பட்டை அவிழ்த்தாள். அப்பாவின் முழுக்கைச் சட்டை, இடுப்பில் பிளாஸ்டிக் சாக்கு, தலையில் துண்டு. வந்து நின்றாள். படம் எடுத்து முடிந்ததும் சங்கிலியைப் பக்கத்து வீட்டில் திருப்பிக் கொடுக்கப் போனாள்.

திறப்பு விழாவில்தான் சுவரைப் பார்த்தோம். துரை கோட்டும் டையுமாகக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அது ஸ்டுடியோவில் எடுத்த அவருடைய பழைய படத்தைப் பார்த்து வரைந்தது. அவர் பூட்ஸுக்குப் பக்கத்தில் அம்மா, சாக்கோடு குனிந்து நிற்கிறாள்.

"அவரு மட்டும் குளிச்சு, தல சீவி வந்திருக்காரு" என்றாள் அம்மா.

மறுநாளே பஞ்சாயத்து மெம்பரிடம் போய், அம்மாவுக்குப் பட்டுச் சேலை வரையச் சொன்னேன். அவர் சிரித்தார். "சேச்சி, டூரிஸ்டுக்கு இதாணு இஷ்டம். பட்டு உடுத்தா, தொழிலாளின்னு எப்படி மனசிலாவும்? உள்ளபடி இருக்கட்டும்னு நீங்கதானே சொன்னீங்க?"



இப்போதெல்லாம் டூரிஸ்ட் பெண்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் அவளைப் போலவே குனிந்து நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். அம்மா பஸ் ஸ்டாண்டுக்கு வருவதில்லை. முட்டி வலியோடு கீழ் வளைவு வரை நடந்துபோய்த்தான் பஸ் ஏறுகிறாள். போன வாரம் நானும் கூட நின்றேன். கண்டக்டர் தெரிந்தவர்.

"என்னம்மா, ஸ்டாண்டுல ஏறாம இம்புட்டுத் தூரம் எறங்கி வந்துட்டீங்க?"

"அங்கதான் என்னைய நிப்பாட்டி வச்சிருக்காளே, எம் மக" என்றாள்.

பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். அம்மா முன்னால் ஒரு சீட்டில் போய் உட்கார்ந்து, பக்கத்தில் பையை வைத்துக்கொண்டாள். நான் பின்னால் போய் நின்றேன்.