லில்லிக்குத் தைத்த பை

மாலை நாலு பத்து. முதலில் பார்த்தது துணியின் மேல் சிவப்பாக ஒரு புள்ளி. துணியைத் திருப்பினேன், இடது சுண்டுவிரலும் சேர்ந்து திரும்பியது. பையின் அடியோரத்தோடு விரல் நுனித் தோலையும் சேர்த்து இரண்டு தையல் போட்டிருந்தேன். வலிக்கவில்லை.

நூலை வெட்டி உருவினேன். அப்போதும் வலிக்கவில்லை. பயம் அதன் பிறகுதான் வந்தது.

பை லில்லிக்கு. ஆரியங்கோட்டில் எங்கள் அடுத்த வீட்டுக்காரி, பள்ளி நாள் முதல் கூட்டுக்காரி. நர்சிங் முடித்து டெல்லியில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். சான்றிதழ்களும் ஒரு சேலையும் கொள்ளும்படி, தோளில் மாட்ட நீண்ட பிடி வைத்து, சிவப்புக் கரை போட்ட வெள்ளைக் கைத்தறியில் தைத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது.

நெய்யாற்றின்கரையில் ஒரு தோல் மருத்துவர் என் முழங்கையின் உட்புறத்தை அழுத்திப் பார்த்தார். அங்கே நரம்பு கயிறுபோல் தடித்திருந்தது. பஞ்சு நுனியை எடுத்தார்.

"கண்ண அடைச்சுக்கோ. தொட்ட இடத்தக் காட்டு."

ஓர் இடத்தைக் காட்டினேன். கண்ணைத் திறந்ததும், "நாலு தடவ தொட்டேன்" என்றார்.

தொழுநோய் (தோலையும் நரம்பையும் தாக்கும் கிருமி நோய், ஊரில் குஷ்டம்). தேமல் என்று நான் விட்டிருந்த முதுகுப் படைகளும் அதுதான். கூட்டு மருந்து (மூன்று மருந்துகள் சேர்ந்த சிகிச்சை) இரண்டு ஆண்டு. தொடங்கிய சில நாட்களில் பரவுவது நின்றுவிடும் என்றார்.

"நான் தச்ச துணிய வேற ஆளுக்குக் குடுக்கலாமா, டாக்டர்?"

"குடுக்கலாம். துணியில ஏறிப் போற நோய் இல்ல இது."

இதே மருந்தைத் தொடங்கியிருப்பவர்களுக்கு: சிறுநீர் சிவக்கும், தோல் கறுக்கும். இரண்டும் மருந்தின் வேலை. கைகளைத் தினமும் கண்ணால் பாருங்கள். நாளிதழுக்குச் செய்தி அனுப்பிய பழக்கத்தில் நான் காயங்களை நேரத்தோடு குறித்துவைத்தேன். எழுத முடிந்தது கண்ட நேரம் மட்டும்தான். பட்ட நேரம் தெரியாது.

சில காலைகளில் விழித்ததும், தலையணைமேல் கிடந்த அந்த விரல்களை யாருடையவோ என்று பார்த்தேன்.

ரத்தம் பட்ட துணியை எரித்துவிட்டுப் புதுத் துணியில் தொடங்கினேன். ஊசி வரும் வழியில் விரல் இருக்கிறதா என்று ஒவ்வொரு தையலுக்கும் பார்க்க வேண்டும். ஐந்து மாதம் ஆனது. அதற்குள் லில்லிக்கு வேலை உத்தரவு வந்துவிட்டது.

சொல்ல வந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஏட்டி, என்ன இப்பிடி கறுத்துப்போன? றப்பர் மரத்து மூட்டுல ஏது வெயிலு?"

பையைக் கொடுக்கும் முன் நோயைச் சொன்னேன். பையை அவள் மறுத்தால் எங்கள் கூட்டும் அன்றோடு முடியும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

"நர்சுக்க முன்னால வந்து பயங்காட்டுதியா? இதுல பரீச்ச எழுதி ஜெயிச்சவளாக்கும் நான். தா இங்க" என்றாள். இரண்டு கைகளாலும் வாங்கினாள்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டு முடிந்தபோது கிருமி இல்லை என்றார்கள். நிறம் மெல்லத் திரும்பியது. சுண்டுவிரலிலும் மோதிர விரலிலும் உணர்வு திரும்பவில்லை. மீதி, லில்லி புறப்பட்ட நாளைப் பற்றியது.

நெய்யாற்றின்கரை ஸ்டேஷனுக்குப் போனேன். பை அவள் தோளில் இருந்தது. கரையின் சிவப்பு இறங்கி, வெள்ளை முழுவதும் திட்டுத்திட்டாக வெளிர்சிவப்பு. அகலம் சுருங்கியிருந்தது. கொதிக்கவைத்த துணி. நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"எங்க அம்மை வெந்நீல போட்டுட்டா, மக்கா."

"சாயம் போவும்ணு நான் சொல்லியிருக்கணும்" என்றேன்.

வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு, "அம்மை இல்ல. நானாக்கும்" என்றாள். "எல்லாம் தெரிஞ்சிட்டும் செய்தேன்."

"தோள்ல போட்டிருக்கியே" என்றேன்.

அவள் கம்பி வழியாகக் கை நீட்டி என் இடது கையின் கடைசி இரண்டு விரல்களைப் பிடித்துக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. அவள் முகத்தைப் பார்த்தபடி கூடவே நடந்தேன். அவள் எப்போது கையை விட்டாள் என்று எனக்குத் தெரியாது.