கோபுரம் எந்தப் பக்கம் சாயும்

புக்கிட் செந்தோசா ஃபிரான்சிஸைக் கேட்டால், மலேசியாவில் அவர் போகாத ஊர் கிடையாது. கேட்காவிட்டாலும் அவரே சொல்லிவிடுவார். முப்பது வருஷத்துக்கு மேல் சமையல் எண்ணெய் லோரி ஓட்டிய ஆள். எந்த வளைவில் போலீஸ் நிற்கும், எந்த ஏற்றத்தில் கியரைக் குறைக்க வேண்டும், எந்த பெட்ரோல் ஸ்டேஷனில் கழிவறை சுத்தமாக இருக்கும், எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வேலையை விட்ட பிறகு மனுஷனுக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு பெருமைதான். அதற்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆபத்து வந்தது.

மகள் அமண்டா தன் புருஷன் திலீப்போடும் மாமனார் மாமியாரோடும் சாப்பிட வந்திருந்தாள். திலீப் கோலாலம்பூரில் கட்டட வரைபட ஆபீஸில் வேலை செய்கிறவன். நல்ல பையன்தான், ஆனால் வழியில் பழைய கடைவீடு ஒன்று கண்ணில் பட்டால் காரை நிறுத்திவிட்டு இறங்கிவிடுவான், பின்னால் வருகிறவன் ஹார்ன் அடித்தாலும் காதில் விழாது. அவன் அம்மா உஷாராணி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவருக்கு நடு வருஷப் பள்ளி விடுமுறை வருகிறதே, இரண்டு குடும்பமும் சேர்ந்து வடக்கே ஒரு சுற்றுப் போகலாம் என்று பேச்சு எழுந்தது. கடலும் வேண்டாம், ஷாப்பிங் மாலும் வேண்டாமாம் திலீப்புக்கு. பழைய கட்டடங்கள், மணிக்கூண்டுகள், முச்சந்திகளில் சிமெண்டில் செய்து வைத்திருக்கிற ராட்சசப் பழங்கள், மீன்கள், இவைதான் வேண்டுமாம்.

திலீப்பின் அப்பா கணேஸ்வரன் கோலா குபு பாருவில் அரசாங்க ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். சாதாரணப் பேச்சையே சுற்றறிக்கை வாசிப்பது போலத்தான் பேசுவார். இதற்கெல்லாம் முறையாகத் திட்டம் போட வேண்டும், இல்லையென்றால் அலைச்சல்தான் மிஞ்சும் என்றார்.

“திட்டத்த நான் போடறேன் லா, சம்மந்தி. நான் போகாத ரோடா?” என்றார் ஃபிரான்சிஸ்.

சும்மா வந்த பேச்சில்லை அது. கல்யாணம் பேச வந்த நாளில், மாப்பிள்ளையின் அப்பா இவருடைய தொழிலைக் கேட்டுவிட்டு, “ஓ, லோரியா?” என்றிருந்தார். அந்த ‘ஓ’ இன்னும் ஃபிரான்சிஸின் காதுக்குள் உட்கார்ந்திருந்தது. அதை இறக்கிவைக்க ஒரு சந்தர்ப்பம் வந்தால் விடுவாரா?

அப்போதுதான் திலீப் ஒன்று கேட்டான். “தெலுக் இந்தான் கோபுரம் எந்தப் பக்கம் மாமா சாஞ்சிருக்கும்? வெயில் விழற நேரம் பாத்துப் போனா போட்டோ நல்லா வரும்.”

ஃபிரான்சிஸ் வாயைத் திறந்தார். தெலுக் இந்தானுக்கு வாரம் தவறாமல் போய் வந்தவர். ஊருக்கே அடையாளம் அந்தச் சாய்ந்த மணிக்கோபுரம். அவருடைய கை தன்னால் இடது பக்கம் சாய்ந்தது, பிறகு வலது பக்கம் போனது, பிறகு தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டது. “நம்ம பக்கந்தான்” என்றார். எல்லாரும் அதைத் தமாஷ் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். மீன் கறியோடு நின்ற அவர் மனைவி முரியல் மட்டும் சிரிக்காமல் புருஷனைப் பார்த்தாள். அடுத்த ஞாயிறு திட்டத்தோடு உட்காருவோம் என்று சொல்லி விருந்தாளிகள் கிளம்பினார்கள்.

அந்த வாரம் முழுக்க மனுஷனுக்கு நிம்மதியே இல்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடி, மனசுக்குள்ளேயே லோரியை எடுப்பார். தெலுக் இந்தான் வரும். ஊருக்கு முன்னாலேயே திரும்பி, தகர வேலி, பெரிய கேட்டு, சரக்கு இறக்குகிற மேடை, ஓரத்தில் தேத்தண்ணிக் கடை. அவ்வளவுதான், லோரி திரும்பிவிடும். ஈப்போ? அங்கேயும் வேலி, கேட்டு, மேடை. தைப்பிங்கில் தகரக் கூரைமேல் மழை விழுகிற சத்தம் மட்டும் கூடுதலாகக் கேட்டது. ஊர் எங்கே போனது? கைப்பேசியில் படங்களைத் தேடிப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று ஒரு ரயில் நிலையம், தங்கக் கும்மட்டம் வைத்த ஒரு பள்ளிவாசல். பைபிள் மேல் சத்தியம் பண்ணச் சொன்னால், இந்த ஊர்களுக்கு வாழ்நாளில் போனதே இல்லை என்றுதான் பண்ணியிருப்பார்.

பழைய கூட்டாளி சன்னாசிக்குப் போன் போட்டு, ஈப்போவில் பார்க்கிற மாதிரி என்ன இருக்கிறது என்று கேட்டார். சன்னாசி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, மாவுக் கிடங்குக்குப் பின்னால் புதுக் கழிவறை கட்டியிருக்கிறார்கள், நன்றாக இருக்கிறது என்றார். அந்த ஆளும் லோரிக்காரர்தானே, பாவம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஃபிரான்சிஸ் லோரியில் ஏறியதே ஊர் பார்க்கத்தான். பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டத்தில் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். தோட்டத்துக்கு இருந்தது ஒரே செம்மண் சாலை. அதில் வந்து போகிற லோரிகள் எங்கே போகின்றன என்று தெரிந்துகொள்ளவே, மீசை முளைக்கும் முன்னால் கெலிந்தான் வேலைக்கு, அதுதான் மூட்டை இறக்கிக் கொடுக்கிற உதவியாள் வேலைக்குச் சேர்ந்தார். அப்புறம் லைசென்ஸ், அப்புறம் கல்யாணம், பிள்ளைகள். பகலில் ஊருக்குள் லோரி நுழையக் கூடாது. நுழைந்தால் சம்மன். சரக்கு இறக்கினோமா, அடுத்த இடத்துக்கு ஓடினோமா என்றே வருஷங்கள் போய்விட்டன.

வெள்ளிக்கிழமை காலை, ரூட்டு பார்த்துவிட்டு வரலாம் வா என்று முரியலைக் கூப்பிட்டார். முதல் நிறுத்தம் கோலா சிலாங்கூர், மலைமேல் கலங்கரை விளக்கம். சொந்த மாவட்டம், இதிலாவது தப்பு வராது என்று நம்பினார். முரியல் அறைக்குள் போய், ஈஸ்டருக்கு மட்டும் எடுக்கிற நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு பவுடர் போட்டு வந்தாள். சும்மா ரூட்டு பார்க்கத்தானே, இதெல்லாம் எதற்கு என்று கேட்டார். அவள் போய்க் காரில் ஏறினாள்.

செம்பனைக் காடுகளைத் தாண்டி, கோலா சிலாங்கூர் வந்து, பாலத்தைப் பார்த்ததும் ஃபிரான்சிஸின் கைகள் தாமாகவே ஸ்டீயரிங்கைத் திருப்பின. கார் ஆற்றோரத்தில் ஒரு தகரச் சுவருக்கு முன்னால் போய் நின்றது. பக்கத்தில் மீன் ஐஸ் உருகி ஓடிக்கொண்டிருந்தது. பூனைகள் இரண்டு இவர்களை ஏற இறங்கப் பார்த்தன. கிடங்குக்காரன் ஒருவன் வந்து, ரிவர்ஸ், ரிவர்ஸ் என்று கையைக் காட்டினான்.

“இதுவா கலங்கரை விளக்கம்?” என்றாள் முரியல்.

ஃபிரான்சிஸ் திருதிருவென்று விழித்தார். எத்தனையோ வருஷம் எண்ணெய் இறக்கிய கிடங்கு அது. தலையைத் தூக்கிப் பார்த்தார். தகரக் கூரைக்கு மேலே, மரங்களுக்கு நடுவில், வெள்ளையாக அதன் உச்சி தெரிந்தது. அதற்கு முன்னால் ஒரு தடவைகூட அவர் அங்கே நிமிர்ந்து பார்த்ததில்லை.

“எல்லா ஊர்லயும் இப்படித்தானா?” என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

“எப்படி?”

“பின்னாடியே போயிட்டு, பின்னாடியே வந்துருவீங்களா?”

“கிடங்கு பின்னாடிதானேம்மா இருக்கும்.”

“ஈப்போ? பினாங்கு?”

“அங்கயும் அப்படித்தான்.”

முரியல் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்கு விளங்கவில்லை. கிடங்குக்காரன் ஜன்னலைத் தட்டுகிறான், இவள் தோள் குலுங்குகிறது, எதைக் கவனிப்பது என்று தெரியாமல் இன்ஜினை அணைத்தார்.

“எவ்வளவு வருஷம் உங்க மேல கோவமா இருந்தேன் தெரியுமா” என்றாள்.

ஃபிரான்சிஸுக்கு ஒன்றுமே புரியவில்லை. கோபமா? எப்போது? எதற்கு? சத்தம் போட்டதில்லை, சட்டியை உடைத்ததில்லை. அவள் சுபாவமே பேசாமல் இருப்பதுதான் என்றல்லவா அவர் நினைத்திருந்தார்.

அவள் சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது. கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து, காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைகளோடு தனியாகக் கிடந்த நாட்களில் எல்லாம், இந்த மனுஷன் ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டு ஜாலியாக இருக்கிறான் என்று அவள் குமைந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும், ஊர் எப்படி இருந்தது என்று கேட்பாள். நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு அவர் தூங்கிவிடுவார். பார்த்ததை எல்லாம் தனக்கென்று பூட்டி வைத்துக்கொள்கிறார் என்று நினைத்து, ஒரு கட்டத்துக்கு மேல் கேட்பதையே விட்டுவிட்டாள்.

“சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல முரியல்” என்றார் அவர். அவருக்கு அவமானமாக இருந்தது, அவளை நினைத்தால் பாவமாக இருந்தது, இந்த இரண்டில் எது முதலில் வந்தது என்றும் தெரியவில்லை.

மலைக்குப் போகிற வழியையும் அவர் இரண்டு தடவை தவறவிட்டார். கடைசியில் கலங்கரை விளக்கத்தடியில் போய் நின்றார்கள். முரியல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒரு குரங்கு அவளுடைய கைப்பையைக் குறிவைத்துக் கூடவே சுற்றியது. ஃபிரான்சிஸ் கட்டடத்தைப் பார்ப்பதா, பெண்டாட்டியைப் பார்ப்பதா, குரங்கைப் பார்ப்பதா என்று நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கணேஸ்வரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “சொல்லுங்க சம்மந்தி, எந்த ரூட்டு?” என்றார்.

வாய்க்கு வந்த ஊரை எல்லாம் அடித்து விட்டிருக்கலாம். ஃபிரான்சிஸ் தட்டைத் தள்ளி வைத்தார். “எனக்குத் தெரியாது சம்மந்தி. எல்லா ஊருக்கும் போனேன், எந்த ஊரையும் பாக்கல. அந்தக் கோபுரம் எந்தப் பக்கம் சாயுதுன்னுகூட எனக்குத் தெரியாது.”

அமண்டா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப ரூட்டு யாரு போடறது?”

“நான் போடறேன்” என்றாள் முரியல்.

சமையலறை வாசலில் கையைத் துடைத்தபடி சொல்ல ஆரம்பித்தாள். முதல் நாள் கோலா சிலாங்கூர், கலங்கரை விளக்கத்துக்குக் காலையிலேயே போய்விட வேண்டும், குரங்கு இருக்கிறது, கைப்பை வேண்டாம். அங்கிருந்து செகிஞ்சான் வயல்கள், சபாக் பெர்ணம், தெலுக் இந்தான். மறுநாள் பீடோரில் சாலையோரக் கொய்யாக் கடைகள், பத்து காஜாவில் கட்டி முடிக்காமலே விட்ட கோட்டை வீடு, ஈப்போவில் வெள்ளை ரயில் நிலையம். எங்கே என்ன சாப்பிடுவது என்பதுகூட அதில் இருந்தது. திலீப் ஆச்சரியப்பட்டு, இதெல்லாம் எப்போது அத்தை பார்த்தீர்கள் என்று கேட்டான்.

கலங்கரை விளக்கத்தைத் தவிர எதையும் பார்த்ததில்லை என்றாள். அந்தக் காலத்தில் மாமா ஒவ்வொரு ஊரிலிருந்தும் போன் பண்ணி, வந்து சேர்ந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவார். மறுநாள் தொழிற்சாலையில் அந்த ஊர்ப் பெண்கள் யாராவது இருந்தால், உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று இவள் விசாரிப்பாள். அவர் எதைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று தெரிந்துகொள்ளத்தான்.

ஃபிரான்சிஸ் தலை நிமிரவில்லை. கடைசியில் திலீப்தான் சூழ்நிலையை லேசாக்கப் பார்த்தான்.

“அப்ப நீங்களே சொல்லுங்க அத்த, கோபுரம் எந்தப் பக்கம் சாயும்?”

“அது தெரியலயே தம்பி” என்றாள் முரியல். “அதுக்குத்தானே போறோம்.”

ஃபிரான்சிஸ் பாக்கெட்டில் கையை விட்டுக் கார்ச் சாவியை எடுத்தார். மகள் உட்பட வேறு யாரும் இதுவரை தொட்டறியாத சாவி அது. மருமகன் தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்தார்.

“நீ ஓட்டு தம்பி. நான் உங்க அத்தகூட பின்னால உக்காந்துக்கறேன். நான் பாக்கணும்.”