பென்சன் எழுதிக் கொடுத்த வருஷம்

மதுரை சர்க்கார் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நர்ஸாக எனக்கு முப்பது வருஷ சர்வீஸ் முடிந்தபோது இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. முப்பது முடிந்தவர்கள் பென்சன் வாங்கிக்கொண்டு போகலாம். ஐம்பத்தைந்து வயதுவரை இருந்துவிட்டும் போகலாம். எனக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை.

இருப்பதா, போவதா என்று வீட்டில் தினமும் இதே பேச்சு. என் வீட்டுக்காரர் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. சட்டம் பேசாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"இந்தா பாரு, இப்பப் போனா பாதிச் சம்பளந்தான். அஞ்சாறு வருசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா சம்பளமும் ஏறும், பென்சனும் ஏறும். வர்றத ஆராச்சும் வேணாம்பாகளா?"

"அம்புட்டு வருசங் கழிச்சுப் பென்சன் இருக்கும், என் முட்டி இருக்குமா?" என்பேன்.

ஆனாலும் அவர் சொன்னதில் தப்பில்லை. இருந்துவிடலாம் என்று எனக்கும் பாதி மனது. அந்த மார்கழியில்தான் சமயநல்லூர்க்காரர் ஒருவர் வார்டு வாசலில் வந்து நின்றார். மகளுக்கு வலி எடுத்துவிட்டதாம். ஆஸ்பத்திரி என்றாலே பயந்து அழுகிறாளாம்.

"நீங்க ஒரு எட்டு வந்து பாருங்கம்மா" என்றார்.

டியூட்டியை விட்டுவிட்டு எப்படிப் போவது? எப்படியாவது இங்கே கூட்டி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் மத்தியானந்தான் மாட்டுவண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். பிள்ளை வயிற்றிலேயே போயிருந்தது. தாயைக் காப்பாற்ற டாக்டரம்மாவும் நானும் பொழுது சாயும்வரை போராடினோம். பிழைத்துக்கொண்டாள். கை கழுவும்போதே எனக்குத் தீர்மானமாகிவிட்டது.

பென்சனுக்கு எழுதிக் கொடுத்ததும் டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது. "நர்ஸுங்க எல்லாம் பட்டாளத்துக்குப் போறாங்க. இந்த நேரத்துல நீயும் போறேங்கிற."

"இங்க வாரவுகளுக்கு நீங்க இருக்கீக. வரப் பயப்படுறவுகளுக்கு ஆளில்லம்மா. நான் அவுகளத் தேடிப் போறேன்."

 டாக்டரம்மா பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்காரர் வெகுநாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பென்சன் உத்தரவு வரவும் மாதக்கணக்கில் ஆனது. நான் கலங்கவில்லை. அதற்குள் வாடிப்பட்டி வரைக்கும் என் பேர் பரவிவிட்டது. பிரசவம் பார்க்க வண்டி அனுப்பிக் கூப்பிடுவார்கள். முடிந்தவர்கள் ரூபாய் கொடுத்தார்கள், முடியாதவர்கள் நெல் கொடுத்தார்கள். ஊரே ரேஷன் கடையில் நின்ற அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் அரிசிக்குப் பஞ்சமில்லை. கொல்லையில் கோழிகள்கூடச் சேர்ந்துவிட்டன. வீட்டுக்காரர் நெல் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "மழை பெய்யுது, இந்தக் குடைய எடுத்துக்க" என்று மெல்லப் பேச ஆரம்பித்தார்.

கஜானாவில் முதல் பென்சன் வாங்கப் போன அன்று அவரும் கூட வந்தார். வரிசையில் நின்ற ஆண்கள் அவருக்குத்தான் பென்சன் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

"எனக்கில்லண்ணே, இவளுக்கு" என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

நான் முன்னால் போய்க் கையெழுத்துப் போட்டேன்.